பட்டியில் கால்வாய் நோய்: மகனை மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பலாமா?

கிரான் பக்கத்தில் பட்டி மாடு வைத்திருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பட்டியில் இரண்டு கிழமையாகக் கால்வாய் நோய், வாயிலும் குளம்பிலும் புண் வருமே, அதுதான். ஏழாம் ஆண்டு படிக்கிற மகன் பின்னேரங்களில் தகப்பனோடு பட்டிக்குப் போய்வருகிறவன். அடுத்த கிழமை பள்ளிக்கூடச் சுற்றுலா. முதலில் திருகோணமலை, அப்புறம் கொழும்பு, தெஹிவளை மிருகக்காட்சிசாலை. "இவனால் அங்கேயுள்ள மான், மரைக்கு நோய் போகுமா? இல்லாவிட்டால் அங்கேயிருந்து எங்கள் மாட்டுக்கு வேறு ஏதும் வருமா? இன்னொன்று, கொழும்பிலுள்ள அக்காவுக்கு இரண்டு சட்டி தயிர் கொடுத்துவிடலாமா?"

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாட்டு வைத்தியம் பார்த்தே என் தலை நரைத்தது. மாட்டுக்கு என்ன மருந்து, எத்தனை ஊசி, எப்போது பால் கூடும் என்று கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. எங்கள் மாட்டால் மானுக்கு வருமா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். அவசரமான பதில் இதுதான்: மகன் தாராளமாகப் போகலாம், பட்டிக்குப் போட்டுப்போகிற செருப்பு போகக்கூடாது.

கால்வாய் நோய் மாட்டு நோய் என்று நினைப்பது வழக்கம். உண்மையில் அது இரட்டைக் குளம்பு நோய். குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கிற எதுவும் அதற்கு ஆள்தான்: மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, பன்றி, காட்டுப்பன்றி, புள்ளிமான், மரை. குதிரைக்கும் கழுதைக்கும் வரிக்குதிரைக்கும் ஒற்றைக் குளம்பு, அவற்றுக்கு வராது. யானைக்கு அபூர்வமாக வந்திருக்கிறது. விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே இதுதான். 1898-இல் லோஃப்லர், ஃப்ரோஷ் என்ற இரண்டு ஜெர்மன்காரர் கண்டார்கள். பக்டீரியாவைத் தடுக்கிற வடிகட்டியைத் தாண்டி வந்த நீர் கன்றுக்கு நோயைக் கொடுத்தது.

வளர்ந்த மாட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சல், வாயில் நூல்நூலாக எச்சில், நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண், பால் வற்றிப்போகும். பெரும்பாலும் சாகாது. கன்றின் கதை வேறு. ஒருமுறை வாகரைப் பக்கம் ஒரு பட்டியில் காலையில் துள்ளிக்கொண்டு பால் குடித்த கன்று மத்தியானத்துக்குள் விழுந்து செத்துவிட்டது. வாயில் ஒரு புண் இல்லை, குளம்பில் ஒன்றும் இல்லை. பாம்பு கடித்திருக்கும் என்று பட்டிக்காரர் சொன்னார். வெட்டிப் பார்த்தேன். இதயத்தில், சிவப்புத் தசைக்கு நடுவே வெளிறிய மஞ்சள் கோடுகள், விரல் நகத்தால் கீறினது மாதிரி வரிவரியாக ஓடின. புலித்தோல் போலிருப்பதால் இதைப் 'புலி இதயம்' என்பார்கள். வைரஸ் கன்றின் இதயத் தசையைத் தின்றுவிட்டது. மான்குட்டிக்கும் இப்படி நடக்கலாம். இஸ்ரேலில் 1985-இல் மாடுகளிலிருந்து மலை மான்களுக்குப் பரவியபோது, ஒரே பகுதியில் 1,500-க்கும் மேற்பட்ட மான்கள் செத்தன. மாட்டுக்கு ஒரு மாதத் தொல்லை, மானுக்குச் சாவு.

ஆனால் மிருகக்காட்சிசாலை வைத்தியர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வாயில் நுரை தள்ளி நிற்கிற மிருகம் அல்ல. அதைக் காவலாளிகூடக் கண்டுபிடித்துவிடுவார். வைரசை உடம்பில் வைத்துக்கொண்டு, புல் தின்றுகொண்டு, குட்டி போட்டுக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறதே, அதுதான் ஆபத்து. காட்டில் அதற்கும் அந்த வைரசுக்கும் ஆயிரக்கணக்கான வருட உறவு, ஒன்றையொன்று பழகிவிட்டன. மிருகக்காட்சிசாலையில் நாம் செய்வது என்ன? ஆபிரிக்காவில் பிறந்ததையும் ஆசியாவில் பிறந்ததையும் பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் நிறுத்துகிறோம். வாழ்நாளில் சந்தித்திராத இரண்டு மிருகம் ஒரே தொட்டித் தண்ணீர் குடிக்கிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் எம்.சி.எஃப். (மலிக்னன்ட் கட்டாரல் ஃபீவர்) என்கிற காய்ச்சல். ஆபிரிக்காவில் வில்டபீஸ்ட் என்றொரு பெரிய மான் இனம் இருக்கிறது, கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடக்கிற படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் உடம்பில் ஒரு ஹெர்பெஸ் வகை வைரஸ் குடியிருக்கிறது. வில்டபீஸ்டுக்கு ஒரு தும்மல்கூட வராது. ஆனால் அதன் கன்று பிறந்து முதல் மூன்று நான்கு மாதம் கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் வைரசைக் கொட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் மாடு மேய்ந்தால் மாடு தப்பாது. கடும் காய்ச்சல், மூக்கைச் சுற்றிப் பொருக்கு, வாய்ப்புண். கருவிழி ஓரத்திலிருந்து பால் ஊற்றினது மாதிரி வெள்ளை படர்ந்துகொண்டு வரும். அதோடு முடிந்தது. மசாய் இடையர்கள் புத்தகம் படித்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை. வில்டபீஸ்ட் கன்று போடுகிற காலத்தில் நல்ல புல் அங்கே இருந்தாலும் மாட்டை வேறு பக்கம் ஓட்டிப்போய்விடுவார்கள்.

"எங்களுக்கேன் வில்டபீஸ்ட் கதை" என்று கேட்பீர்கள். அதே குடும்பத்து வைரஸ் ஒன்று செம்மறி ஆட்டிலும் இருக்கிறது. உலகத்துச் செம்மறிகளில் பெரும்பாலானவை அதைச் சுமக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆறு முதல் ஒன்பது மாதக் குட்டிதான் கூடுதலாகப் பரப்பும். அமெரிக்கக் காட்டெருமையான பைசனும், பல மான் இனங்களும், ஜாவா, பாலிப் பக்கத்துப் பந்தெங் மாடும் அதற்கு முன்னால் நிற்கவே முடியாது. பைசனுக்கு வந்தால் பிழைப்பது அரிது. இப்போது ஒரு மிருகக்காட்சிசாலையை மனதில் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க, பால் போத்தல் கொடுக்க, ஒரு மூலையில் அழகான செம்மறிக் குட்டிகள். பத்து அடி தள்ளி மான் கூடு. எல்லோருக்கும் பிடித்த அந்த மூலைதான் மானுக்கு எமன். காற்று சாதகமாக இருந்தால் வேலி, மதில் எதுவும் போதாது, கிலோமீற்றர் கணக்கில் தள்ளி நின்ற பைசன்கூடச் செத்திருக்கிறது. இதற்கு வழக்கத்தில் உள்ள தடுப்பூசி கிடையாது. ஒரே மருந்து, செம்மறியை அங்கே வைக்காமலிருப்பது. பணம் செலவில்லாத இந்த மருந்துதான் நிர்வாகங்களுக்குக் கசக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் செம்மறிக் குட்டியைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எம்.சி.எஃப். வந்த மாடோ மானோ இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை, அதோடு சங்கிலி அறுந்துவிடும். கால்வாய் நோய் அப்படியல்ல. அது ஒன்றிலிருந்து பத்துக்கும் பத்திலிருந்து நூறுக்கும் போகும்.

வரிக்குதிரையும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆபிரிக்கக் குதிரை நோய் என்பது நுளம்பைவிடச் சிறிய ஒரு கடிக்கும் பூச்சியால் பரவுகிற வைரஸ். குதிரைக்கு வந்தால் நுரையீரலில் நீர் கட்டி, மூக்கால் நுரை தள்ளிச் சாகும். வரிக்குதிரைக்கோ வந்ததே தெரியாது. 1987-இல் நமீபியாவிலிருந்து ஸ்பெயினில் மத்ரித் நகருக்குப் பக்கத்துச் சஃபாரிப் பூங்கா ஒன்றுக்கு வரிக்குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றோடு வந்த வைரஸ் அந்த நாட்டுக் குதிரைகளில் இறங்கி, 1990 வரை விடவில்லை. தாய்லாந்தில் 2020-இல் 500-க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தபோதும் வெளிநாட்டிலிருந்து வந்த வரிக்குதிரைகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. வரிக்குதிரையின் ஹெர்பெஸ் வைரஸ் ஜெர்மனியின் வுப்பர்தால் மிருகக்காட்சிசாலையில் 2010-இல் ஒரு பனிக்கரடியையே கொன்றிருக்கிறது. கரடிக்குக் குளம்பு ஏது என்று வைரஸ் யோசிக்கவில்லை.

அதே 1987-இல்தான் எங்கள் பக்கத்துக் கதையும் நடந்தது. மாட்டுக் கொள்ளைநோய் என்கிற ரிண்டர்பெஸ்ட் இலங்கையை விட்டுப் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்திய அமைதிப்படையின் சாப்பாட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது திரும்ப வந்தது என்பதுதான் பொதுவான முடிவு. ஆடு நன்றாகத்தான் நின்றது. மாடும் எருமையும் கழிந்து கழிந்து செத்தன. மட்டக்களப்பில் ஒரு வயதான பட்டிக்காரர் பின்னொரு நாளில் என்னிடம் சொன்னார்: "ஆட்டுக்கு ஒண்டும் இல்ல தம்பி. மறுகாத்தான் மாடு விழத் தொடங்கிச்சு." அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் நான் மேலே இத்தனை வரியில் எழுதியதை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். வடக்கு கிழக்கை விட்டு அந்த நோய் முழுதாகப் போக 1994 ஆனது. 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அப்படி ஒழித்துக்கட்டிய இரண்டாவது வைரஸ் நோய் அது.

மிருகக்காட்சிசாலைக்கும் அந்த நோய்க்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. 1949-இல் சோமாலியாவிலிருந்து வந்த மான்களோடு ரிண்டர்பெஸ்ட் ரோம் மிருகக்காட்சிசாலைக்குள் நுழைந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற குளம்பு மிருகத்தைத் தனியிடத்தில் அடைத்து வைத்து, இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே மற்றவையோடு விடவேண்டும் என்று எங்கும் கறாராக நிற்பது இப்படிப்பட்ட பாடங்களால்தான். இரத்தம் எடுத்தாலும் சிலவேளை தப்பிவிடும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் மிருகக்காட்சிசாலையில் நம்மூர்ச் சருகுமானின் உறவான ஒரு குட்டி மானின் உடம்பில், மாடுகளுக்குக் கழிச்சலும் கருக்கலைவும் கொடுக்கிற ஒரு வைரஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. தாயின் வயிற்றிலேயே தொற்றினால் உடம்பு அதை அந்நியன் என்று அடையாளம் காணாது, எதிர்ப்புச் சக்தியும் உண்டாகாது. எதிர்ப்புச் சக்தியைத் தேடுகிற பரிசோதனையில் அது சுத்தமான மிருகமாகத்தான் தெரியும்.

சரி, தடுப்பூசி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். மாட்டுக்குப் போடுவது போல மானுக்குப் போட முடியாது, அங்கேதான் சிக்கல். ஒருமுறை நாய்கள் துரத்திய புள்ளிமான் ஒன்றைச் சாக்கில் சுற்றி உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். உடம்பில் சொல்லும்படி காயமில்லை. மூச்சு வாங்கியது, கழுத்து விறைத்திருந்தது. இரவு அது விட்ட மூத்திரம் பால் ஊற்றாத கோப்பி நிறத்தில் இருந்தது. விடிய முன் செத்துவிட்டது. பயத்திலும் ஓட்டத்திலும் தசை உடைந்து, அந்தச் சாயம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். பிடிபட்ட அதிர்ச்சியே கொல்லும். முப்பது மானுக்கு ஊசி போடப்போய் மூன்று மானைச் சாகக் கொடுத்தால் அந்த ஊசியால் யாருக்கு லாபம்? தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் போடலாம், ஆனால் மருந்து முழுதாக இறங்கியதா என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அந்த மருந்துகளெல்லாம் மாட்டிலும் ஆட்டிலும் சோதித்தவை, மானில் எத்தனை மாதம் தாங்கும் என்பது அநேகமாக ஊகம்தான். அதனால் மிருகக்காட்சிசாலைகள் ஊசியைவிட வேலியையும் கிருமிநாசினித் தொட்டியையும் நம்புகின்றன.

2025 ஜனவரியில் ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். பெர்லினுக்குப் பக்கத்தில் பதினான்கு எருமை கொண்ட ஒரு சிறு மந்தையில் கால்வாய் நோய். அந்த நாட்டில் 1988-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. பெர்லினின் இரண்டு மிருகக்காட்சிசாலைகளும் கதவைச் சாத்திவிட்டன. உள்ளே ஒரு மிருகத்துக்கும் நோய் இல்லை. பார்க்க வருகிறவர்களின் சப்பாத்துக்குத்தான் பயந்தார்கள். பிரிட்டனில் 2001-இல் கால்வாய் நோயை அடக்க ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்லவேண்டி வந்தபோதும் இதே கதைதான். உங்கள் மகனின் செருப்பைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பூச்சியால் பரவுபவை இன்னொரு கூட்டம், அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலெல்லாம் கட்டி கட்டியாக வந்த லம்பி ஸ்கின் நோய் 2020-இல் முதன்முதலாக இலங்கைக்குள் வடக்கால் வந்தது. அது மாட்டோடு நிற்கவில்லை, வியட்நாமில் ஓர் ஒட்டகச்சிவிங்கியிலும் கண்டுபிடித்தார்கள். கொசுவலைக்குள் ஒட்டகச்சிவிங்கியை வைக்க முடியாது, சாணத்தை அன்றன்றே அள்ளி ஈயைக் குறைக்கலாம், அவ்வளவுதான். எலியால் வருகிற ஒரு வைரசும் இருக்கிறது, இதயத்தைத் தாக்கித் திடீரென்று சாய்த்துவிடும். தீனி அறையில் எலி ஓடுகிற இடமென்றால் எத்தனை வைத்தியர் இருந்தும் பிரயோசனமில்லை.

எல்லாச் சாவையும் வைரஸ் தலையில் கட்டவும் கூடாது. 2022 டிசம்பரில் புயல் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஓரிரு இரவில் செத்தபோது, புது நோய் வந்துவிட்டது என்று சனம் பதறியது. பரிசோதித்துப் பார்த்ததில் குளிரும் மழையும் பட்டினியும்தான் காரணம்.

இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். மனிதருக்கு இந்தக் கால்வாய் நோய் வருவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், அவனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் செருப்பு, காற்சட்டை மடிப்பு, நகக்கண், இவற்றில் வைரஸ் பயணம் செய்யும். நோய் மாட்டுக்குக் கிட்ட நின்றவர் மூக்கில்கூட ஒரு நாளளவு இருந்திருக்கிறது. ஆகவே பயணத்துக்கு முந்தி 5 நாள் அவன் பட்டிக்குப் போகாமல் இருக்கட்டும், பல நாடுகளில் சொல்கிற கணக்கு இது. தலை முழுகி, தோய்த்த உடுப்போடு, பட்டியைக் கண்டிராத பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகட்டும். தகப்பனின் செருப்பை முதலில் தேய்த்துச் சாணம் போகக் கழுவுங்கள். சாணத்துக்கு மேல் எந்த மருந்து ஊற்றினாலும் வீண். அப்புறம் 10 லீற்றர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்து அதில் ஊறவிடுங்கள். இந்த வைரஸ் புளிப்புக்கும் சோடாக் காரத்துக்கும் தாங்காது.

தெஹிவளையில் வேலி இருக்கிறது, தூரம் இருக்கிறது. எனக்குப் பயம் திருகோணமலையில்தான். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். வேலியில்லை, காவலில்லை. சுற்றுலா வருகிற பிள்ளைகள் எல்லோரும் கையால் பழத்தோல் கொடுத்து முகத்தைத் தடவிப் படம் எடுப்பார்கள். பட்டியில் நோய் இருக்கிற பிள்ளையின் கை தொடவேண்டாத மூக்கு இருந்தால் அது அந்த மானின் மூக்குத்தான். வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள், மகனை ஒதுக்கி வைக்காமல் யாருமே தொடாமல் தூர நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

அங்கேயிருந்து உங்கள் பட்டிக்கு ஏதும் வருமா என்றால், பாதையில் நடந்துவிட்டு வருகிற பிள்ளையால் வருவதற்கு இடம் மிகக் குறைவு. வந்ததும் சப்பாத்தைக் கழுவினால் போதும். உங்கள் பட்டிக்கு நோய் வருகிற வழி வேறு. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் எல்லோரும் மாட்டைக் காட்டோர மேய்ச்சல் தரைக்கு ஓட்டுகிறோம். அறுவடை முடிந்ததும் திரும்ப இறக்குகிறோம். பத்துப் பட்டி மாடு ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கிறது. கல்லோயாப் பக்கம் வறட்சியில் அதே குளக்கரைக்கு மரையும் காட்டுப்பன்றியும் வருகிறது. அங்கே அவற்றுக்கு நோயைக் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? பெரும்பாலும் கொடுப்பவர் நாம்தான். நோய் கண்ட மாட்டை அவசரமாக வியாபாரிக்குத் தள்ளிவிடுகிற பழக்கமும் இருக்கிறது. ஒரு லொறி ஒரு மாவட்டத்தைத் தாண்டுமுன் வைரசும் தாண்டிவிடும். அதை மட்டும் செய்யாதீர்கள். 1992-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டத்தின் கீழ் அறிவிக்கவேண்டிய நோய் இது. இன்னும் சொல்லவில்லையென்றால் நாளைக்கே உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்துப் பட்டிகளுக்கு ஊசி போட அவர்களுக்கு அதுதான் துப்பு.

தயிர் கொடுத்துவிடலாம். பாலை நன்றாகக் காய்ச்சித்தானே உறைய வைக்கிறீர்கள், அதற்கு மேல் தயிரின் புளிப்பும் இருக்கிறது. சாப்பிடுகிற அக்காவுக்கு இந்த நோயால் ஒன்றும் வராது. சட்டி ஆடாமலிருக்க அடியில் பட்டிப் பக்கத்து வைக்கோலை வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த முறை அதை விட்டுவிட்டுப் பழைய பேப்பரைச் சுருட்டி வையுங்கள்.